சொக்கலிங்கமொவ்னா

பதிவு அலுவலகத்தில் நாற்காலிகளுக்கெல்லாம் சிவப்பு வெல்வெட் போட்டிருக்கிறார்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்களை நினைத்து வாங்கியது, ஆனால் பிறப்பை எழுத வந்தவளும் இறப்பை எழுத வந்தவளும் அதே வெல்வெட்டில்தான் உட்கார வேண்டியிருக்கிறது, இந்த ஊரில் மூன்றுக்கும் ஒரே கட்டடம், மாடியில் கல்யாணம், கீழே மற்ற இரண்டும். வோல்கா ஆறு இன்னும் உருகவில்லை. வாசலில் காலைத் தட்டித் தட்டி உதறிவிட்டு வந்தும் என் பூட்ஸைச் சுற்றிப் பனித்தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. மடியில் பிள்ளை. பஞ்சு வைத்துத் தைத்த பைக்குள் கழுத்துவரை மூடி, மூக்கு மட்டும் வெளியே. பஸ்ஸில் தூங்கிவிட்டாள், இன்னும் எழவில்லை, எழுந்தால் ஊரைக் கூட்டுவாள். தூங்கிவிட்டாள் என்று நான் சொல்வது எனக்காக. தமிழில் பிள்ளை தூங்கியது. ருஷ்ய மொழியில் பிள்ளை தூங்கினான், ரெப்யோனக் என்ற சொல் ஆண்பால், பையில் இருப்பது பெண்ணானால் என்ன, சொல்லுக்குக் கவலையில்லை. எதைப் பார்த்தாலும் அதன் பாலும் விகுதியும்தான் முதலில் கண்ணில் படுகின்றன, தொழிலால் வந்த வியாதி. இங்கே மருத்துவம் படிக்க நம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு முதல் வருஷம் ருஷ்ய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். மெய்யில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண், ஓவில் முடிந்தால் இரண்டும் இல்லை. நாற்காலி ஆண், கட்டில் பெண், ஜன்னல் இரண்டும் இல்லை. நாற்காலி ஏன் மேடம் ஆம்பள, என்று போன வருஷம் ஒரு சேலத்துப் பெண் கேட்டாள். கேக்காத, மனப்பாடம் பண்ணு என்றேன். நல்ல ஆசிரியை சொல்லக்கூடிய பதில் இல்லை, ஆனால் வேறு பதிலும் இல்லை.

போனை எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை. சுவரில் மாட்டிய திரையில் எண்கள் மாறுகின்றன, என் எண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் அப்பா சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இங்கே ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். சொந்தப் பெயர், நடுவில் அப்பா பெயர், கடைசியில் குடும்பப் பெயர். நடுவில் வரும் அப்பா பெயரை அப்படியே வைப்பதில்லை, விகுதி சேர்க்கிறார்கள், மகனென்றால் ஓவிச், மகளென்றால் ஓவ்னா. இவான் மகள் இவானவ்னா. ஒருவரை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் அதையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், என்னை வெறும் கோமதி என்றால் தெருவில் விளையாடுகிற சிறுமியைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று துறைத்தலைவி என் அப்பா பெயரைக் கேட்டாள். சொக்கலிங்கம் என்றேன். வாயைக் குவித்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, நல்லது, மெய்யில் முடிகிறது, சிரமமில்லை, நீங்கள் கோமதி சொக்கலிங்கமொவ்னா, என்றாள். அதை அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருக்கிற மனுஷர், யூரியா வாங்க வந்தவர்களிடமெல்லாம், ருஷ்யாவுல எம்மகளக் கூப்பிடணும்னா எம்பேரையும் சேத்துச் சொன்னாத்தான்யா மரியாத, என்று சொல்லிக்கொண்டு திரிந்ததாக அம்மா சொன்னாள். இப்போது அந்தப் பெயர் என் மகளுக்கும் வேண்டும். தகப்பன் என்று யாரும் கையெழுத்துப் போட வராத பிள்ளைக்கு நடுப்பெயராகத் தாய் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். தனியாகப் பெற்றவர்கள் பாதிப்பேர் தங்கள் அப்பா பெயரையே கொடுத்துவிடுவார்கள், தாய்க்கும் மகளுக்கும் ஒரே அப்பா பெயர், இங்கே யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள், என்று நான் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா ரயீசா சொன்னாள். தேநீரில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்குச் சாதாரணம்தான், சங்கரன்கோவிலில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

பிள்ளையைப் பெறக் காரணமானவன் பெயரை வைத்தால் வதீமவ்னா. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வதீம் எங்கள் கட்டடத்து வெந்நீர்க் குழாய்களைப் பார்க்க வந்தவன், நல்ல பேச்சுக்காரன், அப்புறம் வடக்கே எரிவாயு வயலில் வேலை கிடைத்துப் போனான், போன இடத்தில் ஏற்கெனவே அவனுக்கு ஒரு பெண்டாட்டியும் மகனும் இருந்தார்கள். அதை அவனே போனில் சொன்னான், குழாயில் அடைப்பு இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில். அழுதேன். அழுது முடித்தேன். அவன்மேல் இப்போது கோபம்கூட ஒழுங்காக வருவதில்லை, ஆனால் என் மகளைக் கூப்பிடுகிற ஒவ்வொருவர் வாயிலிருந்தும் அவன் பெயரைக் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அப்பா கத்துவார் என்றுதான் நினைத்தேன். ஆவணி மாசம் விஷயத்தைச் சொன்னபோது கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் கத்தி ஓய்ந்திருப்போம். பிள்ளைக்கு இனிஷியல் என்னட்டி போடுவ, என்று மட்டும் கேட்டார். ஊருக்கெல்லாம் விகுதி சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஓரெழுத்து சொல்லத் தெரியவில்லை. போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனவர்தான். அதற்கப்புறம் அம்மா வீடியோவில் பேசும்போதெல்லாம் திரையின் ஓரத்தில் அப்பாவின் சட்டைக்கை மட்டும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். பிள்ளை பிறந்த அன்றும் சட்டைக்கைதான் வந்தது. அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போன மாதிரி எனக்குத் தோன்றியது, தோன்றியதுதான், சத்தியம் பண்ண முடியாது.

கேட்காமலே வைத்துவிட்டால் என்ன என்று நினைக்காமல் இல்லை. அப்பாவைத் தெரிந்தவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். சித்தப்பா தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது, தங்கள் நல்வரவை விரும்பும் என்று கீழே பெயர் வரிசை போடுகிற இடத்தில் அப்பா பெயரையும் முதலாவதாகச் சேர்த்துவிட்டார். மரியாதைக்குத்தான், அண்ணன் பெயர் இல்லாமல் பத்திரிகையா என்று. அப்பா பத்திரிகையை வாங்கிப் படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். எம்பேரப் போடுதியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியால, என்றார். கல்யாணத்துக்குப் போகவில்லை, இன்றுவரை தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எங்கள் அம்மா ஒருபக்கம், ஊர்ப் பெரியவர்கள் ஒருபக்கம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், பிடித்த முயலுக்கு மூணே கால். அப்பா எதை வேண்டுமானாலும் ஒருநாள் மறந்துவிடுவார், என் வயிற்றைக்கூட மறந்துவிடுவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு, கேட்காமல் பெயரை எடுத்தால் மட்டும் மறக்கமாட்டார். அதனால்தான் முந்தாநாள் அவர் போனுக்கே ஒரு குரல் செய்தி அனுப்பினேன். அப்பா, பிள்ளைக்கு ஒங்க பேர வைக்கணும்னு ஆசையா இருக்கு, வைக்கலாமா, வெள்ளிக்கெழம எழுதப்போறேன். இதைச் சொல்வதற்குள் ஏழெட்டு முறை பதிவு செய்து அழித்தேன். ஆசையா இருக்கு என்பதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், எடுக்கவில்லை. நேற்று அம்மா அடுக்களையிலிருந்து குசுகுசுவென்று பேசினாள். கேட்டாவட்டி, காதுல வச்சுக் கேட்டாவ, மறுபடியும் ஒருக்கக் கேட்டாவ. என்ன சொன்னாவ, என்றேன். ஒண்ணும் சொல்லல, சட்டையப் போட்டுக்கிட்டு கடைக்குப் போயிட்டாவ. கிணற்றில் போட்ட கல்தான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

ருஷ்ய மொழியில் மௌனம் மல்சானியெ, னியெ என்று முடிகிறதெல்லாம் இரண்டும் இல்லாத பால். வினையிலிருந்து பெயர் செய்ய இந்த னியெயை ஒட்டவைத்தால் போதும், அனுமதி, மன்னிப்பு, பிறப்பு, எதிர்பார்ப்பு எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஓஸ்த் என்று முடிந்தால் பெண்பால். மகிழ்ச்சி, பெருமை, முதுமை, கர்ப்பம். கர்ப்பம் பெண்பால் என்று சொன்னால் வகுப்பில் எல்லாரும் தலையாட்டுவார்கள், இதாவது நியாயமாக இருக்கிறதே என்று. ஸ்த்வோ என்று முடிவது மறுபடியும் இரண்டும் இல்லை. தனிமை, குழந்தைப்பருவம், தாய்மை, தந்தைமை. தாய்மை பெண்பால் இல்லை என்றதும் தலையாட்டல் நின்றுவிடும். அப்போது நான் சொல்வேன், பொருளைப் பார்க்காதே, வாலைப் பார், வாலைப் பார்த்தால் மாடு எது குதிரை எது என்று தெரியும். தெளிவான பாடம். மாதக்கணக்கில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கரும்பலகையில் எழுதி எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனால் முழு உண்மையும் அதில் இல்லை, அப்பா என்ற சொல்லே இங்கே பாப்பா, ஆவில் முடிகிறது, வாலைப் பார்த்தால் பெண், ஆனால் ஆண்பால், அதற்கு மட்டும் பொருளைப் பார்க்க வேண்டும். பெற்றவர் என்ற சொல் தேல் என்று முடிகிறது, ஆண்பால். ஆஸ்பத்திரியில் என் கட்டிலில் தொங்கவிட்ட அட்டையில் நான்தான் அந்த ஆண்பால் பெற்றவர். நமக்கு இந்தத் தொல்லை கிடையாது, மை சேர்த்தாலும் தனம் சேர்த்தாலும் எல்லாம் அஃறிணை, அது இது என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் நம் ஊரில் சொல்லை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறார்கள். இனிஷியல் என்ன என்று கேட்கிறார்கள். மார்பு கனக்கிறது, பால் கட்டுகிறது, எண் வருவதற்குள் எழுந்து அழுதுவிடுவாளோ, கோட்டைக் கழற்றிப் பால் கொடுக்க இங்கே இடம் உண்டா, வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்தா, மாடியிலிருந்து மணப்பெண் இறங்கி வருகிற வழியிலா.

"பெண்ணா?" என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். ஐம்பது வயதிருக்கும், கறுப்புத் துணியால் தலையைக் கட்டியிருந்தாள். கணவன் இறந்ததை எழுத வந்திருக்கிறாளாம், நீனா எகோரவ்னா என்று தன் பெயரைச் சொன்னாள். நான் பையை லேசாக விலக்கிக் காட்டினேன். எவ்வளவு முடி, என்றாள். இங்கே எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், இவர்கள் பிள்ளைகள் மொட்டையாகப் பிறக்கும். கணவர் எப்படி இறந்தார் என்று கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல், என் பெயரை முழுதாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளைப் பிடித்துப்போனது.

"அது உங்கள் அப்பா பெயரா?"

"ஆமாம். பிள்ளைக்கும் அதையே வைக்கலாமா என்று பார்க்கிறேன். அப்பா இன்னும் சரி சொல்லவில்லை."

"எதற்குச் சரி சொல்ல வேண்டும்?" உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "எங்கப்பா எகோர் குடிகாரன். அம்மாவை அடிப்பான். நான் எட்டாவது படிக்கும்போது போனவன் திரும்பி வரவில்லை. என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் இன்றைக்கும் அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எகோர் யார் என்று யாரும் கேட்பதில்லை. இப்போது அது அவன் பெயர் இல்லை, என் பெயர்." அவள் எண் வந்தது, கைப்பையை இறுக்கிக்கொண்டு எழுந்து போனாள். சாவுக்கு உரிய கதவு வலதுபக்கம்.

நான் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. என் அப்பா போகவில்லை, அங்கேதான் இருக்கிறார், சட்டைக்கையாகவாவது இருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பா வேண்டாம் என்றாலும் அவர் பெயர் பிள்ளையை விடப்போவதில்லை. பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, நமக்கு ஏது குடும்பப் பெயர், சாதிப் பெயரப் போடாத, என்று அப்பாதான் சொன்னார், ஏஜெண்ட் அங்கே சொக்கலிங்கத்தைப் போட்டுவிட்டான், நம் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்பாவைக் கடைசியில் கட்டி இழுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறோம். தாயின் குடும்பப் பெயர் பிள்ளைக்குத் தானாக வரும். ஆக நடுவிலும் அதை வைத்தால், நீலா சொக்கலிங்கமொவ்னா சொக்கலிங்கம். பிள்ளை பெயரா உரக்கடை போர்டா என்று கேட்கலாம். ஆனால் கடைசியில் வருவது அரசாங்கம் தானாக ஒட்டுகிறது, காகிதத்தோடு சரி. நடுவில் வருவதைத்தான் மனுஷர்கள் வாயால் சொல்வார்கள். அவள் வளர்ந்து வேலைக்குப் போகும்போது, பல் டாக்டரிடம் போகும்போது, யாரோ ஒருவர் மரியாதையாக நிமிர்ந்து பார்த்து அதைச் சொல்வார். அந்த மரியாதை அவளுக்கு யாரோ ஒருத்தனுடைய இரவல் பெயரால் வரக்கூடாது, அவ்வளவுதான் நான் கேட்கிறது. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பெரிதாகத்தான் கேட்கிறேன். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் சங்கரன்கோவிலுக்கு எந்த முகத்தோடு போவேன், போனால் பிள்ளையை எந்த அறையில் படுக்க வைப்பேன். பேசாமல் இருப்பதே தேவலை, பேசாதவரை வேண்டாம் என்றும் சொல்லவில்லை அல்லவா. இதுவும் இரண்டும் இல்லாத பால்தான், ஆனால் அதில் எத்தனை நாள் குடியிருப்பது.

என் எண் வந்தேவிட்டது. உள்ளே மேஜைக்குப் பின்னால் என்னைவிடச் சின்னவள், நகங்களில் இளஞ்சிவப்புச் சாயம், என் தாள்களை மளமளவென்று புரட்டினாள். பாஸ்போர்ட் மொழிபெயர்ப்பைப் பார்த்துக் குடும்பப் பெயரை என்னிடம் கேட்காமலே அடித்தாள். பிள்ளை பெயர் என்றாள், நீலா என்றேன், ஆவில் முடிந்தது, சந்தோஷமாக அடித்தாள். தந்தை என்ற இடத்தில் கோடு போடட்டுமா என்றாள், போடுங்கள் என்றேன், போட்டாள். அது வலிக்கும் என்று பயந்திருந்தேன், வலிக்கவில்லை.

"நடுப்பெயர்?"

போனைப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்து முனக ஆரம்பித்தாள்.

"முடிவு செய்யவில்லையென்றால் இவானவ்னா போடலாம்," என்றாள், கெட்ட எண்ணம் இல்லாமல். "எல்லாரும் போடுவார்கள். யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். பிள்ளைக்கும் சுலபம்."

யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. என் அப்பாவின் இடத்தில் ஊர்பேர் தெரியாத ஓர் இவானைக் கொண்டுவந்து உட்காரவைக்கவா நான் இத்தனை மாதம் ஒற்றையாளாக வயிற்றைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தேன். எனக்குப் பெயர் வைத்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. உன் முன்னால் எஸ் என்று ஓர் எழுத்தைப் போடுகிறோம், சம்மதமா கோமதி, என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்தார்கள், சுமந்தேன், பரீட்சைத் தாளிலெல்லாம் எழுதினேன், இத்தனை தூரம் கொண்டுவந்து இவர்கள் வாயிலும் ஏற்றியிருக்கிறேன். நான் சுமந்ததை என் மகளுக்குக் கொடுக்கிறேன். கோபித்தால் கோபிக்கட்டும், மன்னிக்காவிட்டால் போகட்டும். வாய் திறந்துவிட்டது.

"சொக்கலிங்கமொவ்னா."

"மறுபடியும்?"

மறுபடியும் சொன்னேன். கொஞ்சம் நீளம், பள்ளிக்கூடத்தில் சிரமப்படுவாள் என்றாள். நான் சிரமப்படவில்லை என்றேன், பொய்தான். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தாள், என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னாள், பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன், அச்சடித்து முத்திரை குத்தி இரு கையாலும் நீட்டி, நீலா சொக்கலிங்கமொவ்னாவுக்கு வாழ்த்துகள் என்றாள். திக்காமல் சொன்னாள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் நாற்காலி அப்படியே காலியாக இருந்தது. மாடியில் பாட்டு ஆரம்பித்தது, யாரோ கைதட்டினார்கள். பிள்ளை நன்றாகவே அழ ஆரம்பித்தாள், சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கோட்டை விலக்கி, அவளை அணைத்துக்கொண்டேன். அப்போதுதான் போன் அடித்தது. அம்மா என்று நினைத்து எடுத்தேன்.

"நாந்தான்," என்றார் அப்பா. பின்னால் கடைச் சத்தம் கேட்டது, யாரோ மூட்டையைப் பொத்தென்று இறக்கினார்கள்.

"சொல்லுங்கப்பா."

"அங்கன என்ன சத்தம்? பிள்ளையா?"

"ஆமாப்பா. பசிக்கு அழுதா. இப்பக் குடிக்கா."

பிள்ளை குடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது, ஆனால் கேட்கிறவர் மாதிரி இருந்தார். "நீ கேட்டிருந்தேல்லா," என்றார். "ரெண்டு நாளா அதேதான் ரோசனையா இருந்துச்சு. எனக்கு மனசு ஆறல, அத நான் மறைக்க மாட்டேன். ஆனா நீ கேக்காம வச்சிருந்தியன்னா நான் ஒம்மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன். நீ என்னய மதிச்சுக் கேட்ட. வச்சுக்கோ."

பிள்ளையின் பையை இழுத்துச் சரிசெய்தேன். பேசினால் அழுகை வரும், அழுதால் அவர் போனை வைத்துவிடுவார்.

"இன்னைக்குத்தான எழுதணும்னு சொன்ன? எழுதியாச்சா?"

சான்றிதழ் என் முழங்கால்மேல் இருந்தது. முத்திரையின் நீலம் இன்னும் காயவில்லை.

"இல்லப்பா," என்றேன். "நீங்க சொல்லட்டும்னுதான் உக்காந்திருக்கேன்."